தலைக்குள்ள ஒண்டும் ஓடாத நேரத்தில் என்ன சொல்லலாம்?



புதிதாக வந்த உங்களுக்கு டெனிஷ் மொழி இன்னும் பிடிபட்டிருக்காது. ஒடென்சேயில் கடையிலும் டொக்டரிடமும் பலர் உங்களோடு ஆங்கிலத்தில்தான் கதைப்பார்கள். அவர்கள் சொல்லும் சில தொடர்களைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் பயம்தான் வரும். அவற்றில் சில:

"ஐ ஆம் ரக்கிங் மை பிரெயின்ஸ்" – மூளையைக் கசக்கி யோசிக்கிறன்.

"கான் ஐ பிக் யுவர் பிரெயின்?" – உங்களுக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் கேட்கலாமா? மூளைப் பரிசோதனை இல்லை, பயப்படாதேங்கோ.

"ஐ ஆம் ஸ்டம்ப்ட்" – விடை தெரியாமல் முழிக்கிறன். கிரிக்கெட்டில் போல 'அவுட்' இல்லை. உங்கள் விண்ணப்பம் போச்சு என்று நினைக்க வேண்டாம்.

"மை மைண்ட் வென்ட் பிளாங்க்" – திடீரென்று ஒண்டுமே நினைவுக்கு வரேல்லை.

டெனிஷிலும் இப்படி உண்டு. நன்றாக யோசிப்பதைத் 'தலையை ஊறப்போடுவது' என்பார்கள், நாங்கள் கடலை ஊறப்போடுவது மாதிரி!

எங்கட தமிழும் இப்படித்தான். "மண்டை விறைச்சுப் போச்சு", "ஒண்டும் ஓடேல்லை", "விசர் பிடிக்குது" என்று சாதாரணமாகச் சொல்லுவோம். ஆனால் குடிவரவுத் திணைக்களத்தின் அகதி நேர்காணலில் இவற்றைத் தவிருங்கோ. மொழிபெயர்ப்பாளர் வேறு ஊர்த் தமிழ் பேசுபவராக இருக்கலாம். "விசர்" என்பது மனநோய் என்றும், "விறைச்சுப் போச்சு" என்பது வருத்தம் என்றும் பதிவாகிவிடலாம். "ஒண்டும் ஓடேல்லை" என்பது "தெரியாது" என்று போய்விடலாம்.

மூன்று பதில்கள் மூன்று விதம்:

1. "கேள்வி விளங்கேல்லை" – திரும்பக் கேட்பார்கள்.
2. "எனக்குத் தெரியாது" – அது உங்களுக்கு எப்போதுமே தெரியாது.
3. "தெரியும், ஆனால் இப்ப நினைவுக்கு வரேல்லை" – பிறகு வரலாம்.

முதல் நேர்காணலில் "தெரியாது" என்று சொல்லிவிட்டு, அடுத்ததில் திகதியோடு சொன்னால் அது முரண்பாடாகத் தெரியும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு அகதிகள் மேன்முறையீட்டுச் சபைக்குப் போனால், அங்கேயும் பழைய பதிவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மூன்றாவது பதிலைச் சொல்லியிருந்தால், பிறகு நினைவு வந்ததை விளக்க இடமிருக்கும்.

திகதி நினைவில்லாவிட்டால் ஊகித்துச் சொல்லாதேங்கோ. "சரியான நாள் நினைவில்லை, மாரி மழைக் காலம்" என்பது போல உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கோ. யோசிக்க நேரம் வேண்டுமென்றால் கேளுங்கோ, அது குற்றமில்லை.

நேர்காணல் தொடங்கும்போதே மொழிபெயர்ப்பாளரின் தமிழ் விளங்குகிறதா என்று பாருங்கோ. விளங்காவிட்டால் உடனே சொல்லுங்கோ. முடிவில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டுவார்கள். களைத்துப் போயிருந்தாலும் கவனமாகக் கேட்டு, பிழை இருந்தால் திருத்தச் சொல்லி, அதன் பிறகே கையொப்பம் இடுங்கோ.