‘அபவுட்’ என்னும் சிறு சொல்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ‘அபவுட்’ என்பதும் ஒன்று. ‘பற்றி’ என்னும் அதன் பொருளை யாவரும் அறிவர். எண்ணுக்கு முன்னே நிற்கும்போது அது ‘ஏறத்தாழ’ எனப் பொருள்படும். பிழைகள் பெரிதும் நேர்வது இவ்விடத்திலேதான்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘புறத்தே சுற்றி’ என்ற பொருளில் வழங்கியது. ஆகவே, ‘அபவுட் 50’ என்பது ஐம்பதுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். நம் ‘ஏறத்தாழ’வும் அத்தகையதே, ஏறுதலும் தாழ்தலும் அதனுள் அடங்கியுள்ளன. ‘நியர்லி’ என்பதோ எண்ணை நெருங்கியும் எட்டாத நிலையையே குறிக்கும். கல்முனைச் சந்தையிலே 48 தேங்காய்களை ‘நியர்லி 50’ எனலாம். 52 தேங்காய்களை அவ்வாறு கூறலாகாது.

பேச்சுத் தமிழில் ‘ஒரு பத்துப் பேர் வந்தார்கள்’ என்கிறோம். இங்கே ‘ஒரு’ என்பது ஒன்றைக் குறிப்பதன்று. அதுவே நம் ‘அபவுட்’. இதனை அறியாத பிள்ளைகள் ‘ஒன் டென்’ என மொழிபெயர்த்து இடர்ப்படுவர். ‘அபவுட் 47 பேர்’ என எழுதுவோரும் உளர். நாற்பத்தேழு என எண்ணி முடித்தபின் ஐயம் எதற்கு?

இச்சொல்லுக்கு இடமும் அறிதல் வேண்டும். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் என்றால் பயணிக்குப் போதும். ‘அஸருக்குப் பிறகு வாருங்கள்’ என்றால் விருந்தினருக்குப் போதும். ஆனால் றமழானில் நோன்பு திறக்கும் வேளைக்கு ‘ஏறத்தாழ’ பொருந்தாது. மருதமுனை நெசவாளர் பாவிற்கு இழை எண்ணும்போதும் அது பொருந்தாது.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. இலங்கையில் ஏறத்தாழ 35,000 பேர் மாண்டனர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மறைந்தனர். கடல் கொண்டு சென்ற பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. ஆதலின், அங்கே ‘ஏறத்தாழ’ என்பது நேர்மையான சொல். அறிவின் எல்லையை அது ஒப்புக்கொள்கிறது. ஆயினும், உறவை இழந்த எந்த வீட்டிலும் ‘ஏறத்தாழ மூவரை இழந்தோம்’ என்று சொல்வாரில்லை. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் உண்டு.

மாணவர்களே, எண்ண இயலாதவிடத்து ‘அபவுட்’ என எழுதுங்கள். எண்ணச் சோம்பியவிடத்து எழுதாதீர்கள்.