மின் சிகரெட்டும் கருவிலுள்ள சிசுவும்

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் எதிரெதிரே உள்ளன. இத்தகைய பொதுவிடங்களில் புகைத்தலாகாது என்று கேரள உயர்நீதிமன்றம் 1999 ஜூலை 12இல் தீர்ப்பளித்தது. அருகில் நிற்போரின் நலனையும் அது கருதிற்று. மின் சிகரெட்டில் இலை எரிவதில்லை, புகையுமில்லை. ஆதலின் கருவுற்றோருக்கு அது தீங்கற்றது எனச் சிலர் எண்ணுகின்றனர். இது பிழை. சூடேறி ஆவியாகும் திரவத்தில் பெரும்பாலும் நிக்கோடின் உண்டு. அது தாயின் இரத்தத்தினின்று நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடைந்து, வளரும் மூளைக்கும் நுரையீரலுக்கும் ஊறு விளைவிக்கிறது. மணத்துக்காகச் சேர்ப்பவை உண்ணத்தக்கவையாயினும் சுவாசிக்கத்தக்கவை ஆகிவிடா. இக்கருவிகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றை 2019ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் தடுத்துள்ளது. எனினும் பழக்கம் மறைவில் தொடரக்கூடும். ‘புகைப்பதுண்டா?’ என்று மட்டும் களப்பணியாளர் வினவின், ‘இல்லை’ என்பதே விடையாகும். ஆவி இழுப்பதையும் புகையிலை மெல்லுவதையும் தனித்தனியே, கடிந்துரையாது, கேட்டறிதல் வேண்டும்.