பஸ் ஏறிப் போன பிஞ்சுகள்

பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தை வீடு திரும்பப் பத்து நிமிஷம் தாமதமானால், அடுப்பில் வைத்த பாலைக்கூட மறந்து வாசலில் வந்து நிற்கிறீர்கள் அல்லவா? அப்படியானால், லண்டனின் மேற்குப் பகுதியான சௌத்தாலில் 1960-களில் குடித்தனம் நடத்திய பஞ்சாபித் தாய்மார்களின் கதை உங்களுக்கு உடனே புரிந்துவிடும்.

ஒரு காட்சியை மனக்கண்ணில் பாருங்கள். விடிந்தும் விடியாத பனிக்காலக் காலை. ஐந்து வயசுப் பையன். உடம்பில் கம்பளிச் சட்டை; உச்சிக் குடுமியின் மேல் சிறு துணி முடிச்சு. தாயார் கையைப் பிடித்துத் தெருக்கோடிக்கு அழைத்து வருகிறாள். அங்கே பஸ் ஒன்று காத்து நிற்கிறது. இத்தனைக்கும் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதில் அவனுக்கு இடம் கிடையாது! தெரியாத பேட்டையில் உள்ள வேறு பள்ளிக்கு அவன் போக வேண்டும். அவனுடைய வெள்ளைக்கார அண்டை வீட்டுப் பையனோ நடந்தே பள்ளிக்குப் போகிறான்.

ஏன் இந்த விபரீதம்?

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகு, பிரிட்டனின் தொழிற்சாலைகளுக்கு ஆள் பஞ்சம். சௌத்தாலுக்கு அருகே இருந்த ரப்பர் தொழிற்சாலையில் பஞ்சாபிகள் பலர் வேலைக்கு அமர்ந்தார்கள். முதலில் ஆண்கள் மட்டும் வந்து, ஒரே வீட்டில் பலராகத் தங்கிச் சம்பாதித்தார்கள். 1962-ல் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. கதவு அடைபட்டுவிடுமோ என்ற பயத்தில், மனைவி மக்களையும் வரவழைத்துக்கொண்டார்கள். தெருக்களில் சல்வார் கமீஸ் தெரிந்தது. வகுப்புகளில் புதுக் குழந்தைகள் நிறைந்தார்கள்.

அண்டை அயலாருக்கு அது பொறுக்கவில்லை. வீடு வாடகைக்குக் கேட்டால் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. சமையல் வாசனையைப் பற்றிப் புகார் சொன்னவர்களும் உண்டு. 1963-ல், ஓர் ஆரம்பப் பள்ளியில் பாதிக்கு மேல் குடியேறிகளின் குழந்தைகள் என்று வெள்ளைக்காரப் பெற்றோர் கிளர்ந்து எழுந்தார்கள். கல்வி மந்திரி ஸர் எட்வர்ட் பாயில் நேரில் வந்து கேட்டார். எந்தப் பள்ளியிலும் குடியேறிகளின் குழந்தைகள் நூற்றுக்கு 30 பேருக்குமேல் இல்லாதிருப்பது நலம் என்று அதே வருஷம் பார்லிமெண்டில் சொன்னார். 1965-ல் சர்க்காரின் சுற்றறிக்கையும் குழந்தைகளைப் பல பள்ளிகளுக்குப் 'பரப்ப' வேண்டும் என்றது. சௌத்தாலைத் தன்னுள் கொண்ட ஈலிங் நகராட்சியும் பிராட்போர்ட் போன்ற ஊர்களும் அதைப் பின்பற்றின. பர்மிங்ஹாம் நகரமோ மறுத்துவிட்டது.

சொன்ன காரணம் நல்ல காரணம்தான். இங்கிலீஷ் தெரியாத குழந்தைகள் ஒரே இடத்தில் குவிந்தால் ஆசிரியை என்ன செய்வாள்? வெள்ளைக் குழந்தைகளோடு கலந்து பழகினால் பாஷை தானே வந்துவிடாதா? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கலந்து பழகுவதற்காக பஸ் ஏறியது ஒரு பக்கத்துக் குழந்தைகள் மட்டுமே!

அந்தக் குழந்தைகளின் பாட்டைக் கேளுங்கள். பள்ளி மணி அடித்ததும் பஸ் கிளம்பிவிடும். ஆகவே மாலை விளையாட்டு கிடையாது, நாடக ஒத்திகை கிடையாது. வகுப்பில் சிநேகம் பிடித்த பையனின் வீட்டுக்கு ஒரு நாளாவது போக முடியுமா? முடியாது. கூட்டமாக வந்து இறங்குகிறவர்களை அங்கே உள்ள பிள்ளைகள் 'பஸ் பிள்ளைகள்' என்று ஒதுக்கினார்கள். வைதவர்களும் அடித்தவர்களும் உண்டு. நடுப்பகலில் குழந்தைக்கு ஜுரம் கண்டால், இங்கிலீஷ் அறியாத தாயார் இரண்டு பஸ் மாறி அந்தப் பள்ளியைத் தேடிப் போக வேண்டும். போனாலும் ஆசிரியையிடம் என்னவென்று பேசுவாள்?

தெருவில் தொடங்கிய துவேஷம் இப்படிக் குழந்தையின் புத்தகப் பைக்குள்ளும் புகுந்துகொண்டது. 'நான் இங்கே படிக்கக் கூடாதா, அம்மா?' என்று ஒரு குழந்தை கேட்டால் எந்தத் தாயால் பதில் சொல்ல முடியும்?

ஆனால் பஸ் ஏறிய பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1976 ஜூனில், குர்தீப் சிங் சக்கர் என்ற 18 வயசு மாணவர் சௌத்தால் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். 'பொறுத்துப் போ' என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள், இனிப் பொறுப்பதில்லை என்று ஒன்றுகூடிச் சங்கம் கண்டார்கள். பஸ் ஏற்றுவதை நிறுத்த வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்த குழந்தையையும் நிறத்தைப் பார்த்து பஸ் ஏற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு வலுத்தது. இன உறவு வாரியம் ஈலிங் நகராட்சியைக் கோர்ட்டுக்கு இழுத்தது. 1980-களின் தொடக்கத்தில் ஈலிங்கில் அந்த பஸ்கள் நின்றன. குழந்தைகள் பக்கத்துப் பள்ளிக்கு நடந்து போனார்கள்.

இன்று சௌத்தால் ரயில்வே ஸ்டேஷனில் இறங்கினால், பெயர்ப் பலகையில் இங்கிலீஷுக்குக் கீழே குர்முகி எழுத்திலும் ஊர்ப் பெயரைப் பார்க்கலாம். அன்று பஸ் ஏறிய பிள்ளைகளுக்கு இன்று அறுபது வயசுக்கு மேல் ஆகியிருக்கும். பலகையைப் பார்த்தால் பெருமைதான். இருந்தாலும், சிநேகிதன் வீட்டில் விளையாடாமல் போன அந்த மாலைகளை யார் திருப்பித் தரமுடியும்?

சுற்றறிக்கை விட்டுக் குழந்தைகளை மைல் கணக்கில் பரப்பினார்கள். அண்டை வீட்டம்மாள் கதவைத் திறந்து, 'வாடா கண்ணா, என் பிள்ளையோடு விளையாடு' என்று கூப்பிட்டிருந்தால் பஸ்ஸே வேண்டியிருந்திராது. உங்கள் தெருவுக்கும் என்றாவது ஒரு நாள், பாஷை தெரியாத குழந்தை ஒன்று குடி வரலாம். அன்று முதலில் திறக்கும் கதவு உங்களுடையதாக இருக்கட்டும்.