விக்கி மென்பொருளின் இடர்மிகு அமைப்புகளும் அவற்றை ஆவணப்படுத்தும் மொழியும்

2003இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவும், 2004இல் தொடங்கப்பட்டு 2015 சனவரியில் கொல்கத்தா யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் பத்தாண்டு விழாக் கண்ட வங்காள விக்கிப்பீடியாவும் மீடியாவிக்கி என்னும் ஒரே மென்பொருளில் இயங்குவனவாகும். எவரும் திருத்தலாம் என்பது அவற்றின் அடிப்படை. ஆதலின் இடர்தரும் வசதிகள் பல அங்கு மூடப்பட்டுள்ளன. அம்மென்பொருளையே பத்துப் பேர் கொண்ட ஒரு மொழியாய்வுக்குழு, வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுப்பதற்கெனத் தனியே நிறுவிக்கொள்ளும்போது நிலைமை வேறாகிறது.

அத்தகைய குழு முதலில் நாடுவது, எச்டிஎம்எல் குறியீட்டை வடிகட்டாமல் பக்கத்தில் இட இசைவளிக்கும் அமைப்பாகும். பேச்சுப் பதிவுகளை இயக்கும் கருவிகளைச் சொல்லுக்கருகிலேயே பொருத்த அது உதவும். ஆனால் திருத்தும் உரிமையுள்ள எவரும் அதன்வழிப் பக்கத்தினுள் நிரலொன்றை மறைத்து வைக்கலாம். அப்பக்கத்தைத் திறக்கும் நிருவாகியின் உலாவியில் அந்நிரல் இயங்கி, அவர் அறியாமலே அவருடைய உரிமையைக் கொண்டு செயற்படும். இதனாலேயே இவ்வமைப்பின் இயல்புநிலை 'இல்லை' என வைக்கப்பட்டுள்ளது. வெளித்தளப் படங்களைக் காட்டும் அமைப்பின் இடர் சிறிது. வாசகரின் இணைய முகவரியைப் பிறர் அறிய அது வழிசெய்கிறது.

திருத்துவோர் அனைவரும் நம்பிக்கைக்குரியவராயின் மட்டுமே முற்கூறிய அமைப்பைத் திறக்கலாம் என்பது பொதுவான அறிவுரை. 'நம்பிக்கைக்குரியவர்' என்னும் சொல்லே ஈண்டு ஆராயத்தக்கது. வங்காளத்தில் 'பிஸ்வஸ்த' என்பது இப்பொருளில் வழங்க, அதனோடு தொடர்புடைய தமிழ் 'விசுவாசம்' தலைவனிடத்துக் காட்டும் பற்றையே பெரிதும் குறிக்கிறது. மென்பொருள் வேண்டுவது இவ்விரண்டும் அன்று. புலமையும் நேர்மையும் மிக்க பேராசிரியர் ஒருவர் தம் கடவுச்சொல்லை மேசைமேல் எழுதி ஒட்டியிருப்பாராயின், அவர் இப்பொருளில் நம்பிக்கைக்குரியவர் அல்லர். (அத்தகையோர் நம்முள் பலர்.) 2018இல் விக்கிமீடியா தளங்களில், தளம் முழுவதற்குமான நிரல்களைத் திருத்தும் உரிமை பொது நிருவாகிகளிடமிருந்து பிரிக்கப்பட்டு, இடைமுக நிருவாகிகள் என்னும் சிறு குழுவினரிடம் ஒப்படைக்கப்பட்டது. நல்லவர் கணக்கும் களவு போகலாம் என்பதே அதன் காரணங்களுள் ஒன்று.

பெரும்பாலும் குறை நிகழுமிடம் வேறு. எச்டிஎம்எல் இசைவு அமைப்புக்கோப்பின் ஓரிடத்திலும், கணக்குத் தொடங்கும் உரிமை மற்றோரிடத்திலும் எழுதப்படுகின்றன. முன்னதைத் திறந்தவர் குழுவை விட்டு நீங்கியபின், பின்னதைப் பிறிதொருவர் மாணவர்க்கெனத் திறந்துவிடுகிறார். இரண்டு வரிகளும் தனித்தனியே பிழையற்றவை. சேர்ந்தால் தளம் வாயில் திறந்த வீடாகிறது. 'எச்சரிக்கை' என்னும் ஒற்றைச் சொற்குறிப்பு இதனைத் தடுக்காது. செயப்பாட்டுவினையும் போதாது, செய்பவர் யார் என்பதை அது மறைத்துவிடும். எனவே இரண்டு இடங்களிலும் குறிப்பு வேண்டும்; எழுவாய் வெளிப்பட வேண்டும்; எது முன், எது பின் என்பதும் தெளிவாதல் வேண்டும். கணக்கு உரிமை வரியின் மேல் இவ்வாறு எழுதலாம்: "இவ்வுரிமையைப் பிறர்க்குத் திறக்குமுன், நிருவாகி எச்டிஎம்எல் இசைவை நீக்குக, அதனால் ஒலிப்பதிவுக் கருவிகள் இயங்காமற் போகும் என்பதைத் தொகுப்பாளர்க்கு முன்னரே அறிவிக்குக."