‘மறந்துவிடு’ என்பது ஆறுதலாகுமா?

தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் ஆகஸ்ட் திருவிழாவுக்குச் செல்வோர் கற்பிட்டி வீதியை நன்கறிவர். அவ்வீதியை அண்டிய ஊர்கள் பல, 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்குப் புகலிடம் அளித்தவை. ஏறத்தாழ 75,000 பேர் அன்று வீடுவாசல்களை இழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வந்தடைந்தது புத்தளம் மாவட்டத்தையே.

இரு தசாப்தங்களின் பின்னர், இம்மாவட்டத்தில் வாழ்ந்த இடம்பெயர்ந்தோர் 450 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2013இல் வெளியானது. மனவடு நோய் 2.4 வீதமானோரிடம் காணப்பட்டது. ஆனால், உளநிலையோடு தொடர்புடைய உடல் உபாதைகளால் வருந்தியோர் 14 வீதத்தினர். உள்ளம் சொல்லாது விட்டதை உடல் சொல்கிறதோ என எண்ணத் தோன்றுகிறதல்லவா?

கடந்துபோன துயரம் ஏன் கடந்து போவதில்லை? பேரச்ச வேளையில் மூளையின் ‘அமிக்டலா’ என்னும் பகுதி அபாய மணியை ஓங்கி ஒலிக்கிறது. ஓசையும் மணமும் காட்சியும் ஆழப் பதிகின்றன. ஆனால், ‘எங்கே, எப்போது’ என்பதைக் கோவைப்படுத்தும் ‘ஹிப்போகாம்பஸ்’ அவ்வேளையில் தன் பணியைச் செவ்வனே செய்ய இயலாது போகிறது. எனவே அந்நினைவு, நாள் குறிக்கப்படாத கடிதம் போலாகிறது. பட்டாசு ஒன்று வெடித்தாலும் உடல் நடுங்குகிறது. அன்று நடந்தது இன்று நடப்பதாகவே மூளை கொள்கிறது.

உளச் சிகிச்சை அந்நினைவை அழிப்பதில்லை. பாதுகாப்பான சூழலில், பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு, நடந்ததைத் தொடக்கமுதல் இறுதிவரை வரிசையாகச் சொல்ல உதவுகிறது. சொல்லச் சொல்ல, ‘அது அன்று, இது இன்று’ என மூளை புதிதாய்க் கற்கிறது. நினைவு நிலைக்கிறது, அதன் ஆதிக்கம் தளர்கிறது.

2004 ஆழிப்பேரலையின் பின்னர், நம் நாட்டின் வடகிழக்கில் போரையும் கடலையும் கண்டு கலங்கிய 31 சிறாருக்கு உள்ளூர் உளவளத்துணையாளர்கள் ஆறு அமர்வுகளில் சிகிச்சை அளித்தனர். ஒரு சாராருக்கு வாழ்வின் கதையைச் சொல்லும் முறை. மறு சாராருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதங்களின் பின் முதற் சாராருள் பத்தில் எட்டுப் பேரளவிலும், மறு சாராருள் ஏழு பேரளவிலும் குணமடைந்திருந்தனர். இரண்டுக்குமிடையே பெரிய வேறுபாடில்லை. ஆகவே, எவரையும் வற்புறுத்திப் பேசவைக்க வேண்டியதில்லை. ஆறுதலுக்கு வழி ஒன்றல்ல.

அன்பானவர்களே, எம்மாவு வழியில் துயரத்தோடு நடந்த சீடர் இருவரை நினைவுகூருங்கள் (லூக்கா 24). நடந்தவை யாவற்றையும் ஆண்டவர் அறிந்திருந்தார். எனினும், அறியாதவர் போல் வினவினார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை உடன் நடந்தார். விளக்கம் பின்னரே வந்தது. நாமோ துயருற்றவர் வாய் திறக்குமுன்பே, ‘மறந்துவிடு, செபி’ என்று கூறிக் கடந்துவிடுகிறோம்.

செபம் வேண்டும், அத்துடன் செவியும் வேண்டும். உறக்கமின்றியும் காரணமறியா நோவாலும் நெடுநாள் வருந்துவோரை அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்வது விசுவாசக் குறைவன்று, அன்பின் பணியே. அவர் நம் ஆலயத்தவராயினும், பள்ளிவாசல் செல்லும் அயலவராயினும், அவரோடு சிறிது தூரம் நடப்போமாக.