நகத்துக்கு பாலிஷ் போட லைசென்ஸ்: புதுப்பித்தலில் என்னதான் புதுசாகிறது?

அமெரிக்காவில் முடி வெட்ட மட்டுமில்லை, நகத்தை ராவி பாலிஷ் போடவும் மாநில அரசின் லைசென்ஸ் வேண்டும். ஐம்பது மாநிலங்களிலும் இதுதான் நிலைமை. கடைசியாக வந்து சேர்ந்தது கனெக்டிகட், 2021 ஜனவரியில். லைசென்ஸை ஒரு தடவை வாங்கினால் போதாது. சில வருஷங்களுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஹூஸ்டனில் எனக்குத் தெரிந்த ஒரு வியட்நாமிய அம்மா இந்தத் தொழிலில் இருக்கிறார். அவருக்கு ஆன்லைன் படிவம் நிரப்பிக் கொடுக்கப் போய்த்தான் இந்த விதிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிவம் சின்னது, சீக்கிரம் முடிந்துவிட்டது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. புதுப்பித்தல், புதுப்பித்தல் என்கிறார்களே, இதில் எது புதுசாகிறது? அந்தக் கேள்விக்காகச் சேர்த்த குறிப்புகள்தான் இவை.

ஒரே நகம், ஐம்பது சட்டம்

முதலில் அடிப்படை. மத்திய அரசு இந்த லைசென்ஸைக் கொடுப்பதில்லை. மக்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் காக்க விதி போடும் அதிகாரம் மாநிலங்களுடையது என்பது அந்த நாட்டின் பழைய ஏற்பாடு. 1889-ல் மேற்கு வர்ஜீனியா மாநிலம் டாக்டர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று போட்ட சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொன்னது. டென்ட் வழக்கு என்பார்கள். டாக்டருக்குத் திறந்த அந்தக் கதவு வழியாகப் பிற்பாடு பல தொழில்கள் உள்ளே வந்தன. 1950-களில் அமெரிக்கத் தொழிலாளர்களில் சுமார் 5 சதவீதம் பேர் மாநில லைசென்ஸ் தேவைப்படும் வேலையில் இருந்தார்கள். இன்றைக்கு அது 20 சதவீதத்துக்கும் மேல்.

மாநிலம்தான் விதி போடுகிறது என்பதால் ஆளுக்கொரு கணக்கு. நக வேலைக்கான பயிற்சி நியூயார்க்கில் 250 மணி நேரம், கலிஃபோர்னியாவில் 400, டெக்சாஸில் 600. விரல் பத்துதான், நகமும் அதேதான். மாநில எல்லையைத் தாண்டினால் படிப்பு மட்டும் இரண்டு மடங்காகிவிடுகிறது!

புதுப்பிக்க என்ன கேட்கிறார்கள்?

மூன்று மாநிலங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கட்டணங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை. அதனால் பணம் கட்டும் முன் அந்தந்த வாரியத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியா: முடிதிருத்தல், அழகுக்கலை இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாரியம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், கட்டணம் 50 டாலர். தொடர்கல்வி வகுப்பு எதுவும் கிடையாது. பணம் கட்டி, கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் முடிந்தது.

நியூயார்க்: மாநில அரசுத்துறையின் லைசென்ஸ் பிரிவு கொடுக்கிறது. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை, 40 டாலர். இங்கேயும் தொடர்கல்வி இல்லை.

டெக்சாஸ்: தொழில் லைசென்ஸ்களைப் பார்த்துக்கொள்ளும் மாநிலத் துறை கொடுக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, 50 டாலர். கூடவே நான்கு மணி நேரத் தொடர்கல்வி. சுகாதாரம், மனிதக் கடத்தலை அடையாளம் காண்பது எல்லாம் இந்த நான்கு மணிக்குள் வரும். ஆன்லைனிலேயே முடித்துவிடலாம்.

கவனிச்சீங்களா? மூன்றில் எந்த மாநிலமும் 'வேலையைச் செய்து காட்டு' என்று கேட்கவில்லை. பதினைந்து வருஷம் தொழிலை விட்டிருந்தாலும், பணத்தைச் சரியாகக் கட்டிவந்தால் லைசென்ஸ் உயிரோடுதான் இருக்கும். தினமும் பத்து மணி நேரம் வேலை செய்தாலும், தேதியை மறந்துவிட்டால் அன்றிலிருந்து அவர் லைசென்ஸ் இல்லாதவர். புதுப்பித்தல் பார்ப்பது பணம், முகவரி, தேதி, சில இடங்களில் வகுப்பு. திறமையை அது பார்ப்பதே இல்லை.

தேதி தவறினால்?

இந்த இடம்தான் கொஞ்சம் கனமானது. டெக்சாஸில் காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பித்தால் ஒன்றரை மடங்கு கட்டணம். அதற்கு மேல் 18 மாதம் வரை இரண்டு மடங்கு. 18 மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை துறைத் தலைவரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். மூன்று வருஷம் தாண்டிவிட்டால் புதுப்பிக்கவே முடியாது, புது லைசென்ஸுக்கான வழியில் முதலிலிருந்து போக வேண்டும். கலிஃபோர்னியாவில் தாமதத்துக்குக் கட்டணத்தில் பாதி அபராதம். அங்கே எல்லைக்கோடு ஐந்து வருஷம். அதற்குப் பிறகு மறுபடி விண்ணப்பம், மறுபடி தேர்வு.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 'தாமதமாகக் கட்டலாம்' என்றால் 'அதுவரை வேலை செய்யலாம்' என்று அர்த்தமில்லை. காலாவதியான நாளிலிருந்து புதுப்பிக்கும் நாள் வரை செய்யும் வேலை லைசென்ஸ் இல்லாமல் செய்த வேலைதான். அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் கடைக்குள் வந்தால் வேலை செய்தவரும் மாட்டுவார், வேலை கொடுத்த முதலாளியும் மாட்டுவார்.

தேதி எப்படித் தவறுகிறது? சோம்பேறித்தனம்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். வாடகை வீடு மாறியிருப்பார்கள், நினைவூட்டல் கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருக்கும். அது ஆங்கிலத்தில் இருக்கும். ஆன்லைன் கணக்கைத் திறந்துகொடுத்த மகன் வேறு ஊருக்குப் படிக்கப் போயிருப்பான், பாஸ்வேர்டும் அவனோடு போயிருக்கும். பிரசவம், பிறந்த ஊருக்கு நீண்ட பயணம், உடம்பு முடியாமல் போவது என்று எத்தனையோ.

அப்படியானால் இதெல்லாம் வெறும் வசூல்தானா?

படிக்கப் படிக்க எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு வாட்சன்வில் சம்பவத்தைப் பற்றிப் படித்தேன்.

2000-ம் வருஷம். கலிஃபோர்னியாவில் வாட்சன்வில் என்ற ஊர். அங்கே பல பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே கட்டிகள் கிளம்பின. சாதாரண மருந்துக்கு அடங்கவில்லை, மாதக்கணக்கில் நீடித்தன. விசாரித்தால் எல்லோரும் ஒரே நக நிலையத்தில் பெடிக்யூர் செய்துகொண்டவர்கள். நூறு பேருக்கும் மேல். காரணம் மைக்கோபாக்டீரியம் ஃபார்ட்யூட்டம் என்ற கிருமி, காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு. குழாய்த் தண்ணீரிலும் மண்ணிலும் சாதாரணமாக இருக்கக்கூடியது.

அது எங்கே குடியிருந்தது தெரியுமா? கால் ஊறவைக்கும் சுழல்நீர்த் தொட்டியில் தண்ணீரை உள்ளே இழுக்கும் இடத்தில் ஒரு வலைத்தட்டு இருக்கும். அதன் பின்பக்கம் முடியும் செத்த தோலுமாகச் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. கிருமிக்கு அதுதான் வீடு. பெடிக்யூருக்கு முன் காலில் முடி மழித்துக்கொண்டு வந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ரேஸர் விட்ட கண்ணுக்குத் தெரியாத கீறல்களே கிருமிக்கு வாசல்.

இதற்குப் பிறகு கலிஃபோர்னியா இந்தத் தொட்டிகளுக்கென்றே விதி எழுதியது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்குப் பிறகும் தண்ணீரை வடித்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, கிருமிநாசினி ஊற்றிச் சுழலவிட வேண்டும். அந்த வலைத்தட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். செய்ததை ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதைக் காட்ட வேண்டும்.

இப்போது என் பழைய கேள்விக்கு வருகிறேன். 1995-ல் பயிற்சி முடித்து லைசென்ஸ் வாங்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் படித்த காலத்தில் இந்த விதியே கிடையாது. புது விதி அவர் காதுக்கு எந்த வழியில் போய்ச் சேரும்? பள்ளிக்கு அவர் மறுபடி போகப் போவதில்லை. இன்ஸ்பெக்டர் எப்போதாவதுதான் வருவார். தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும், ஒருவர் பாக்கியில்லாமல், அரசாங்கத்தைத் திரும்பிப் பார்க்கும் ஒரே தருணம் புதுப்பித்தல்தான். புதுசாக வேண்டியது காகிதமில்லை, அவருக்குத் தெரிந்த விஷயம்.

நோய் பரவிய கலிஃபோர்னியா புதுப்பிக்கும்போது எந்த வகுப்பும் கேட்பதில்லை, சோதனையையும் நோட்டையும் நம்புகிறது. டெக்சாஸ் நான்கு மணி நேரம் உட்காரச் சொல்கிறது. ஆனால் உட்கார்ந்தவர் கற்றுக்கொண்டாரா என்பது அவர் மொழியில் அந்த வகுப்பு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

மொழி ஏன் இவ்வளவு முக்கியம்?

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யார் என்று பார்த்தால் புரியும். 1975-ல் சைகோன் வீழ்ந்தபின் அகதிகளாக வந்த வியட்நாமியப் பெண்கள் சாக்ரமென்டோவுக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் இருந்தார்கள். அங்கே உதவிக்குப் போன ஹிட்ச்காக் பட நடிகை டிப்பி ஹெட்ரனின் நகங்களை அவர்கள் ஆசையாகப் பார்த்தார்களாம். அவர் தன்னுடைய நக அழகுக் கலைஞரையே வரவழைத்து இருபது பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். உறவு, நட்பு, ஊர்க்காரர் என்று அந்தத் தொழில் பரவி, இன்று அமெரிக்க நக நிலையங்களில் பெரும் பங்கு வியட்நாமியர் கையில். கலிஃபோர்னியா லைசென்ஸ் தேர்வை ஆங்கிலம், ஸ்பானிஷ், கொரியன், வியட்நாமிய மொழி நான்கிலும் எழுதலாம். காரணம் இதுதான்.

விதி கொஞ்சம் இறுகினாலே யார் வெளியே நிற்பார்கள் என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. ஃபெடர்மேன், ஹாரிங்டன், கிரின்ஸ்கி மூவரும் 2006-ல் அமெரிக்கன் எகனாமிக் ரெவ்யூவில் எழுதியது. பயிற்சியை 100 மணி நேரம் கூட்டினால் வியட்நாமியர் ஒருவர் அந்தத் தொழிலில் இருக்கும் வாய்ப்பு 4.5 சதவீதப் புள்ளிகள் குறைகிறது. ஆங்கிலத் தேர்ச்சி கேட்கும் மாநிலங்களில் 5.7 புள்ளிகள் குறைவு. கிருமிக்குப் போட்ட வேலி ஆட்களையும் சேர்த்துத்தான் தடுக்கிறது.

நம்மவர்களுக்குப் பக்கத்தில் வரும் உதாரணமும் ஒன்று உண்டு. நூலை வைத்துப் புருவம் திருத்தும் த்ரெடிங். டெக்சாஸில் அதைச் செய்ய 750 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றார்கள். நூலைத் தவிர வேறெதுவும் தொடாத வேலைக்கு! வழக்குப் போட்டார்கள். 2015-ல் பட்டேல் வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. 750-ல் 320 மணி வரை த்ரெடிங்குக்குச் சம்பந்தமே இல்லாதது என்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. நீதிமன்றம் சுகாதார விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆபத்துக்கும் விதிக்கும் பொருத்தம் இருக்கணும் என்றுதான் சொன்னது.

என் முடிவு

லைசென்ஸே வேண்டாம் என்று சொல்லும் பொருளாதார நிபுணர்கள் இருக்கிறார்கள். மில்டன் ஃப்ரீட்மன் 1962-லேயே டாக்டர் லைசென்ஸ்கூட வேண்டாம் என்று வாதாடியவர். எனக்கு அந்த அளவுக்குப் போக மனசு வரவில்லை, வாட்சன்வில் நினைவுக்கு வருகிறது. ஆனால் புதுப்பித்தலை இப்போது இருக்கிற மாதிரியே விடவும் மனசில்லை.

நான் கேட்பது மூன்று. ஒன்று, புதுப்பிக்கும்போது ஒரே ஒரு மணி நேர வகுப்பு, அதில் கடந்த இரண்டு வருஷத்தில் மாறிய விதிகளும் ரசாயனங்களும் மட்டும். கலிஃபோர்னியா 2025-லிருந்து ஃபார்மால்டிஹைட், டைபியூட்டைல் தாலேட் போன்றவற்றை அழகுசாதனங்களில் தடை செய்திருக்கிறது. அந்த ஆவியை நாள் முழுக்கச் சுவாசிக்கிறவருக்கு அந்தச் செய்தி முதலில் போக வேண்டாமா? இரண்டு, தேர்வு எந்த மொழிகளில் நடக்கிறதோ, அதே மொழிகளில் நினைவூட்டலும் வகுப்பும். மூன்று, தேதி தவறியவருக்குக் கட்டணம் கூடட்டும், பரவாயில்லை. ஆனால் இருபது வருஷம் கைத்தொழில் செய்தவரை மறுபடி தேர்வு அறைக்கு அனுப்புவதற்கு முன் அவர் வேலையை ஒருமுறை பார்க்கட்டும்.

கடைசியாக, தெரிந்தவர் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால் சொல்லிவைக்க வேண்டிய நான்கு விஷயங்கள்:

1. வீடு மாறினால் தபால் நிலையத்துக்கு மட்டும் சொன்னால் போதாது, வாரியத்துக்கும் முகவரி மாற்றம் சொல்ல வேண்டும்.

2. காலாவதித் தேதி லைசென்ஸிலேயே அச்சாகியிருக்கும். கடிதம் வரும் என்று காத்திருக்காமல் இரண்டு மாதம் முன்னதாகவே போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

3. வகுப்பு முடித்த சான்றிதழைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் தணிக்கையில் கேட்கலாம்.

4. 'உங்கள் லைசென்ஸ் ரத்தாகப் போகிறது, உடனே பணம் அனுப்புங்கள்' என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். வாரியத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் லைசென்ஸ் நிலவரம் யாருக்கும் தெரியும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

வாடிக்கையாளராகப் போகிறவர்களும் அதே தளத்தில் பார்க்கலாம். ஆனால் லைசென்ஸ் செல்லுபடியாகிறதா என்று பார்த்ததோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில் இருந்தால், கால் தொட்டி சுத்தம் செய்த நோட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சுவரில் மாட்டிய லைசென்ஸ் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுசாகிறது. அந்த நோட்டு உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்ததும் புதுசாகியிருக்க வேண்டும்.