பண்டிகை ஈகையும் ஆண்டு முழுவதற்கான நீதியும்

ஐப்பசி பிறந்துவிட்டால் கடைவீதிகளில் கூட்டம் பெருகுகிறது. வசதியுள்ளவர் இல்லாதவர்க்குப் புத்தாடை வழங்குகின்றனர். முதலாளிகள் தம் ஆட்களுக்கு இனாம் தருகின்றனர். தை பிறக்கும்போதும் அவ்வாறே. இவ்வழக்கம் போற்றத்தக்கதே. ஆயினும், பண்டிகை கழிந்த மறுவாரம் தறிக்குப் பாவு உண்டா, நெய்து கொடுத்த சேலைக்குக் கூலி உரிய நாளில் கைக்கு வருமா என்பவையே நெசவாளர் வீட்டு அடுப்பு எரிவதைத் தீர்மானிக்கின்றன. ஒருநாள் ஈகைக்கும் ஆண்டு முழுவதற்கான நீதிக்கும் உள்ள தொடர்பு யாது? இவ்வினாவை நெடுங்காலம் ஆராய்ந்து, விடையைச் சட்டமாகவே வகுத்து வைத்தவர்கள் யூத மக்கள். அவர்கள் கண்ட நெறி, கூட்டுறவாளராகிய நமக்குப் பெரிதும் பயன்படக்கூடியது.

யூதர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். கி.பி. 1000-ஆம் ஆண்டையொட்டிச் சேர மன்னர் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு உரிமைகள் அளித்த செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. கொச்சியில் 1568-இல் கட்டப்பெற்ற யூதர் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. கொங்கணக் கரையில் வாழ்ந்த யூதர் பலர் நம் செக்காட்டிகளைப்போல எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமையில் செக்கை நிறுத்திவிடுவதால் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றே பெயர் பெற்றனர். அந்த ஓய்வு எசமானுக்கு மட்டும் உரியதன்று. வேலையாளுக்கும் மாட்டுக்கும்கூட உரியது என்பது அவர்களுடைய வேதத்தின் கட்டளை.

தருமம் என்றால் நீதி

எபிரேய மொழியில் தருமத்துக்கு வழங்கும் சொல் ‘செதாகா’. நீதி என்று பொருள்படும் ‘செதெக்’ என்னும் சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. ஆகவே, கொடுப்பவர் கருணை காட்டுகிறார் என்று அவர்கள் கொள்வதில்லை. தம் கடனைச் செலுத்துகிறார் என்றே கொள்கின்றனர். தருமம் பெற்று வாழ்பவரும் அதிலிருந்து சிறிது பிறர்க்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. பெறுபவர் என்றும் பெறுபவராகவே தாழ்ந்து நிற்கலாகாது என்பது இதன் உட்கருத்து. நம் வள்ளுவரும் ‘ஈகை’ அதிகாரத்துக்கு முன்னதாக ‘ஒப்புரவறிதல்’ என்று தனி அதிகாரம் வகுத்திருப்பது இங்கே நினைக்கத்தக்கது.

உழவருக்கு அவர்களுடைய வேதம் இட்ட கட்டளைகளைக் காண்போம். வயலின் ஓரத்தை அறுக்காமல் விட்டுவிட வேண்டும். அறுக்கையில் சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்கலாகாது. மறந்து விட்டுவந்த அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகலாகாது. இவையெல்லாம் ஏழைக்கும் அயலூரார்க்கும் கைம்பெண்ணுக்கும் தாய்தந்தையற்ற பிள்ளைக்கும் உரியவை. ஓரமாக விடும் பகுதி அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று பிற்காலச் சட்ட நூலான மிஷ்னா அளவும் குறித்தது. நம் பக்கத்திலும் கடலை பிடுங்கிய கொல்லையில் மண்ணில் தங்கியதைப் பொறுக்க ஏழை மக்கள் வருகின்றனர். விடுவதும் விரட்டுவதும் கொல்லைக்காரர் மனத்தைப் பொறுத்தவை. அங்கோ, அது ஏழையின் உரிமை; இன்னாருக்குத்தான் தருவேன் என்று நிலக்காரர் பொறுக்கி எடுத்துக் கொடுக்கவும் இயலாது. நாட்கூலிக்காரரின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அதே வேதத்தின் விதியாகும்.

பண்டிகையின் இடம்

இதனால் அவர்கள் பண்டிகை ஈகையைக் குறைவாக மதித்தார்கள் என்று எண்ணலாகாது. பூரிம் என்னும் திருநாளில் ஒவ்வொருவரும் ஏழையர் இருவருக்கேனும் கொடுத்தாக வேண்டும். பாஸ்கா பண்டிகைக்கு முன்னர், ஏழை வீட்டிலும் புளிப்பில்லா அப்பம் இருக்கும் பொருட்டுக் ‘கோதுமைப் பணம்’ என்று திரட்டுவார்கள். ஆனால், ஆண்டின் மிகப் புனிதமான நோன்பு நாளாகிய யோம் கிப்பூரில், அனைவரும் பட்டினியோடு கூடியிருக்கும் வேளையில், ஏசாயா என்னும் தீர்க்கதரிசியின் கடுமொழி வாசிக்கப்படுகிறது. வேலையாளை வருத்திக்கொண்டே நோற்கும் நோன்பு நோன்பாகாது. அநீதியின் கட்டை அவிழ்ப்பதும் பசித்தவரோடு உணவைப் பகிர்வதுமே நோன்பு என்பது அதன் சாரம். திருநாளே ஆண்டு முழுவதற்குமான கணக்கைக் கேட்கிறது!

அந்தக் கணக்கைப் பேண அமைப்பும் இருந்தது. ஊர்தோறும் ‘குப்பா’ என்னும் பொதுநிதி வாரந்தோறும் திரட்டப்பட்டது. இருவருக்குக் குறையாமல் சேர்ந்து வசூலிக்க வேண்டும். மூவர் கூடிப் பங்கிட வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது பண வழக்கில் தீர்ப்பளிப்பதற்கு ஒப்பானது என்று கருதியே மூவரை வைத்தனர். நிர்வாகக் குழுவும் தணிக்கையும் கொண்டு நடக்கும் நம் சங்க முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை அன்பர்கள் உணர்வார்கள்.

எட்டுப் படிகள்

ஸ்பெயின் நாட்டில் பிறந்து எகிப்தில் மருத்துவராக விளங்கியவர் மைமோனிடீஸ் என்னும் பேரறிஞர். 1204-இல் மறைந்த இவர், தம் சட்டத் தொகுப்பில் தருமத்தை எட்டுப் படிகளாக வகுத்தார். மனமின்றிக் கொடுப்பது கடைசிப் படி. முகமலர்ச்சியோடு, ஆனால் குறைவாகக் கொடுப்பது அடுத்தது. கேட்டபின் கொடுப்பதும், கேளாமுன் கொடுப்பதும் அதற்கு மேற்பட்டவை. பெறுபவர் இன்னாரென்று கொடுப்பவர் அறியாமை, கொடுத்தவர் இன்னாரென்று பெறுபவர் அறியாமை, இருவரும் ஒருவரையொருவர் அறியாமை என மேலும் மூன்று படிகள். யாவற்றுக்கும் மேலான படி யாது? ஒருவர் தளர்ந்து விழும் முன்னரே நன்கொடையோ கடனோ தந்தும், தொழிலில் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டும், வேலை தேடிக் கொடுத்தும், அவர் பிறரிடம் கையேந்தாத நிலையை உண்டாக்குவதே.

கடன், கூட்டு, வேலை! கூட்டுறவின் முப்பெரும் பணிகளும் இவையே அல்லவா?

நம் மாவட்டங்களில்

பெரம்பலூர்ப் பக்கத்தில் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளைவிப்போரும், அரியலூர் மாவட்டத்தில் இலையூர், வாரியங்காவல் முதலிய ஊர்களில் பட்டு நெய்வோரும் இந்த மேற்படியை நோக்கியே சங்கங்களில் சேர்கின்றனர். தவணை தவறாது திருப்பிச் செலுத்துவோரிடம் தமிழ்நாட்டுத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பயிர்க்கடனுக்கு வட்டி வாங்குவதில்லை. ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி கூடாது என்ற யூதச் சட்டத்தின் நோக்கமும் இதுவே. அந்நெறியில் நியூயார்க் நகர யூதர்கள் 1892-இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் சங்கம் இன்றும் நடைபெறுகிறது.

பண்டிகை ஈகையையே மேற்படிக்கு உயர்த்த முடியும் என்பதற்கும் நம் நாட்டில் சான்று உண்டு. பொங்கலுக்கு ஏழை எளியோர்க்கு விலையில்லா வேட்டி சேலை வழங்கும் திட்டம் 1983-இல் தொடங்கியது. உடுப்போர்க்கு ஆடையும் நெய்வோர்க்குத் தொடர்ந்த வேலையும் என இரண்டு நோக்கங்கள் அதற்கு உண்டு. பெறுகின்ற ஒருநாளுக்குப் பின்னே நெய்கின்ற பல மாதங்கள் இருக்கின்றன. எனினும், அத்துணிகளில் பெரும்பகுதி இன்று விசைத்தறிகளில் நெய்யப்படுவதால், கைத்தறியாளர்க்கு அதன் பயன் சுருங்கிவிட்டது. திட்டம் நல்லதாயினும், வேலை யார் கைக்குச் சேர்கிறது என்று ஆண்டுதோறும் பார்த்துவர வேண்டும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

கூலி பாக்கியை நிறுத்தி வைத்துக்கொண்டு தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி வழங்குவது தருமமாகாது. அது கடனாளி கடன்காரருக்குக் கொடுக்கும் பரிசு. இதை வெளியாரை நோக்கி மட்டும் சொல்லவில்லை. நம் சங்கங்களை நோக்கியும் சொல்கிறோம். ஆகவே, அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டுகிறோம். நெய்த துணியை ஒப்படைத்த எத்தனையாம் நாளில் கூலி தரப்படுகிறது? பண்டிகை விற்பனை ஓய்ந்த மாதங்களில் எத்தனை தறிகளுக்குப் பாவு கிடைத்தது? கடன் கேட்டு வந்த சிறு உழவருள் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினர்?

இவற்றுக்கு நல்ல விடை கிடைக்கும் ஊரில், பண்டிகைக்கு வழங்கும் புத்தாடை பெறுபவர் தலையைத் தாழ்த்தாது. உற்றார் உற்றார்க்குத் தரும் அன்பளிப்பாகவே அது விளங்கும்.